பழைய பேஸ் கிட்டார்: முதலில் கல்லைப் பாருங்கள்

பழைய வெட் கிரைண்டர் ஒன்று விலைக்கு வந்தால், சமையலறையில் பழகிய கை நேராக உள்ளேதான் போகும். குழவியைத் தூக்கி வைத்துவிட்டு அடிக்கல்லை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவும். விரிசல் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, சுற்றும்போது ஆட்டம் கொடுக்கிறதா என்று பார்க்கும். பெல்ட் தளர்ந்திருந்தால் கவலையில்லை, புதுசு போட்டுக்கொள்ளலாம். ஸ்விட்ச் போயிருந்தால் எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். மோட்டார் எரிந்திருந்தால்கூட காயில் கட்டிக்கொள்ளலாம். கல் வழவழத்துப் போயிருந்தால் கொத்தவைக்கலாம். ஆனால் கல்லில் விரிசல் விட்டிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவார்கள்.

இணையத்தில் பழைய பேஸ் கிட்டார் வாங்குகிறவருக்கும் இந்தக் கண்தான் வேண்டும். பேஸ் கிட்டாரில் கல் என்பது நெக், கம்பிகள் ஓடும் அந்த நீண்ட கழுத்து. மதிப்பு முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் மாற்றக்கூடிய உதிரிகள். அவை கெட்டிருந்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் போடும் படங்களோ பெரும்பாலும் பளபளக்கும் உடலைத்தான் காட்டுகின்றன. வாங்குகிறவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்வது அதுதான்.

80களின் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாத்தியம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. பாடகரின் குரலுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதை வாசிக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போகும் பிள்ளைகள், புதிய ஃபெண்டர் பேஸின் விலையைப் பார்த்துவிட்டு ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், ரிவெர்ப் என்று தேடத் தொடங்குகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை எடுத்துக்கொள்வோம். லியோ ஃபெண்டர் 1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் இதைத் தயாரிக்கத் தொடங்கினார். 1957-ல், கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு அடிப்படை வடிவம் மாறவேயில்லை. இன்று கிடைக்கும் மலிவு நகல்களும் லட்சக்கணக்கில் விலைபோகும் அந்தக் காலத்து அசல்களும் ஒரே முறையில்தான் இயங்குகின்றன. ஒன்றைப் பார்க்கத் தெரிந்தால் மற்றதையும் பார்த்துவிடலாம்.

நெக் சுமக்கும் பாரம்

உடலில் உள்ள பிரிட்ஜிலிருந்து, ஹெட்ஸ்டாக் எனப்படும் நெக்கின் தலைக்கு முன்னால் உள்ள நட் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். மிகத் தடித்த ஈ கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. இவ்வளவு மெதுவாக அதிர வேண்டிய கம்பி தளர்வாகத்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. கம்பி தடிமனானது, நீளமானது. சுருதியில் நிற்க நன்றாக இழுபட வேண்டும். நான்கு கம்பிகளும் சேர்ந்து 75 முதல் 80 கிலோ விசையோடு நெக்கின் முனையை முன்பக்கம் இழுக்கின்றன. அலமாரியில் சாத்தி வைத்திருக்கும்போதும், யாரும் தொடாத மாதங்களிலும் இந்த இழுவை ஓய்வதில்லை.

அந்தப் பாரத்துக்கு ஈடு கொடுக்கத்தான் நெக்குக்குள் நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. அதன் பெயர் ட்ரஸ் ராட். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். தண்டின் முனையில் உள்ள திருகு நட்டை முடுக்கினால், கம்பிகள் முன்னால் இழுப்பதற்கு எதிராக இந்தத் தண்டு நெக்கைப் பின்னால் வளைக்கும். மரம், கம்பி, தண்டு மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் சமநிலைதான் நல்ல நெக்.

நெக் அளவுகோல் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பி அதிரும்போது நடுப்பகுதிதான் அகலமாக ஆடும். அதற்கு இடம் விடுவதற்காக நெக் மிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். எவ்வளவு என்று பார்க்க ஒரு வழி உண்டு. நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டிலும் ஒரே கம்பியை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுபட்ட கம்பியைவிட நேரான அளவுகோல் வேறு தேவையில்லை. எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஆரோக்கியம். ஒரு விசிட்டிங் கார்டு லேசாக நுழையும் இடம் அது.

இடைவெளி இதைவிட அதிகமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். ட்ரஸ் ராடில் இன்னும் முடுக்க இடம் இருந்தால் பத்து நிமிட வேலை. கேள்வியே அங்கேதான் இருக்கிறது. முடுக்கி முடுக்கிக் கடைசிவரை போய்விட்ட ராட், அல்லது சாவி பிடிக்காமல் வழுவிப்போன நட் இருந்தால் அந்த நெக் இனி யார் பேச்சையும் கேட்காது. இன்னொன்று இதைவிட மோசம்: முறுக்கு. நெக்கின் ஒரு விளிம்பு மேலேயும் மறு விளிம்பு கீழேயும் போயிருக்கும். ட்ரஸ் ராட் முன்னும் பின்னும்தான் வளைக்கும். முறுக்கை அதனால் எடுக்க முடியாது. நான் சொல்லும் கல் விரிசல் இதுதான். எவ்வளவு அழகான பேஸாக இருந்தாலும் இங்கேயே எழுந்துவிடலாம்.

ஆனால் எதிரே இருப்பது மரமும் கம்பியும் இல்லை, ஒரு போன் திரை. விளம்பரத்தில் இருக்கும் படங்களில் நெக்கின் நிலை தெரியாது. கேட்டு வாங்க வேண்டும். "இன்னும் இருக்கா ப்ரோ? கடைசி விலை என்ன?" என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் ப்ரோ. பேஸைச் சரியாக ட்யூன் பண்ணிட்டு, ஹெட்ஸ்டாக் பக்கம் கண்ணை வைத்து பிரிட்ஜைப் பார்க்கிற மாதிரி, நெக்கின் இரண்டு விளிம்பும் தெரிய ஒரு போட்டோ வேணும். 12-வது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்து, கம்பியின் உயரம் தெரிய இன்னொன்று. ட்ரஸ் ராட் இன்னும் இரண்டு பக்கமும் திரும்புதா?"

ட்யூன் செய்யச் சொல்வதை மறக்கக்கூடாது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு எடுத்த படத்தில் எந்த நெக்கும் நேராகத்தான் தெரியும். 80 கிலோ ஏறிய பிறகுதான் அதன் குணம் வெளியே வரும். 12-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் கைக்கு வசதி. 4 மில்லிமீட்டர் என்றால் காரணம் கேளுங்கள். பிரிட்ஜைத் தூக்கி வைத்திருக்கலாம், அது ஒன்றுமில்லை. பிரிட்ஜ் ஏற்கெனவே அடிவரை இறங்கியிருந்தும் கம்பி உயரமாகவே நின்றால் கோளாறு நெக்கில் இருக்கிறது.

இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலின் தொனியும் ஒரு தகவல்தான். வாசிக்கிறவர் விற்கிறார் என்றால் கேட்டதற்கு மேலேயே இரண்டு படம் அனுப்புவார். அவருக்குத் தன் வாத்தியத்தைப் பற்றிப் பேசப் பிடிக்கும். "எல்லாம் சூப்பர் கண்டிஷன், வந்து பார்த்துக்கோ" என்று மட்டும் பதில் வந்தால், அதே ஊராக இருந்தால் போய்ப் பாருங்கள். கூரியரில் வரவேண்டியதாக இருந்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போவது நல்லது.

கொத்திய கல்

ஆட்டும் கல்லைக் கொத்தினால் பழைய கூர் திரும்பும். ஆனால் கொத்தும் ஒவ்வொரு முறையும் கல் கொஞ்சம் குறைகிறது. ஃப்ரெட்டுகளின் கதையும் அதேதான். இந்த உலோகப் பட்டைகள் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரம்தான். எஃகுச் சுருள் சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் அவற்றை அரம் மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும். முதல் ஏழு ஃப்ரெட்டுகளில், கம்பிக்கு நேர் கீழே, பள்ளங்கள் விழும். பள்ளம் ஆழமானால் சுருதி சற்றே பிசகும், கம்பி அடுத்த ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும்.

வாத்தியம் பழுது பார்ப்பவர் எல்லா ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்குத் தேய்த்து, மேற்புறத்தை மறுபடி வளைவாக்கிக் கொடுப்பார். இதை ஓரிரு முறை செய்யலாம். அதற்கு மேல் தேய்க்க உலோகம் இருக்காது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் பதிக்க வேண்டும். அந்தச் செலவு மலிவான பேஸின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே ஒரு கம்பியைச் சற்று ஒதுக்கிப் பிடித்து, முதல் ஐந்து ஃப்ரெட்டுகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்ட எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். மேற்புறம் வளைவாக இருந்தால் உயிர் இருக்கிறது. தட்டையாகப் பளபளத்தால் வாசித்தே தேய்ந்திருக்கிறது, அல்லது தேய்த்துவிட்டு மறுபடி வளைவாக்காமல் விட்ட கை பட்டிருக்கிறது.

ஃப்ரெட் தேய்ந்த பேஸைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். ஒருவர் ஆசையாக வாசித்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. நன்றாக ஒலிக்காத பேஸை யாரும் ஃப்ரெட் தேயும் அளவு வாசிப்பதில்லை. கிரைண்டர் புதுசாகவே இருக்கிறது என்றால் அதில் மாவு அரைக்கவே இல்லையா, ஏன் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு உண்டு.

காதால் பார்ப்பது

படங்களோடு ஓர் ஒலிப்பதிவும் கேளுங்கள். பாட்டு வேண்டாம். நான்கு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, மெதுவாக, ஒவ்வொரு சுரமும் தானாக அடங்கும் வரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரே பதிவில் முழு நெக்கும் காதில் விழுந்துவிடும்.

இந்தப் பதிவில் ஓரிடம் உங்களைப் பயமுறுத்தும். ஜி கம்பியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். பக்கத்துச் சுரங்கள் நீண்டு ஒலிக்க, இது மட்டும் அரைகுறையாக அடங்கும். ஃபெண்டர் வடிவத்து பேஸ்களில் இது பரவலாகக் காணப்படும் குணம். புத்தம் புதியவற்றிலும் உண்டு. அந்தச் சுரத்தின் அதிர்வும் நெக் தானாக அதிரும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால், கம்பியின் ஆற்றலை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. பழுது இல்லை, விலையைக் குறைக்கச் சொல்லும் அளவு குறையும் இல்லை. பல இடங்களில் சுரங்கள் சாகின்றன, அல்லது ஒரே ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியும் கரகரக்கின்றன என்றால் அது வேறு. ஃப்ரெட் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கம்பிகள் பழையவை, ஒலி மந்தம் என்பதற்காக பேஸை மட்டமாக எடைபோட வேண்டாம். கிரைண்டர் பெல்ட் மாதிரி, கம்பி விலை மட்டும்தான் அதில் நஷ்டம். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் அந்த அற்புதமான பேஸை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளைப் போட்டு, கூடுமானவரை மாற்றாமலே வைத்திருந்தவர். மந்தமான அந்த ஒலிதான் அவருடைய கையெழுத்து.

உள்ளே இருக்கும் காயில்

மின்சாரப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் கெடுவதெல்லாம் சரி செய்யக்கூடியவை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய காயில். எஃகுக் கம்பி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, காயிலில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது. விற்பவரிடம் மல்டிமீட்டர் இருந்தால், கேபிளைச் செருகி வால்யூமை முழுக்க வைத்து மறுமுனையில் அளக்கச் சொல்லுங்கள். பிரிசிஷன் பேஸில் சுமார் 10 கிலோ ஓம் காட்டும். அதைவிட மிக அதிகமாகக் காட்டினாலோ, எதுவுமே காட்டாவிட்டாலோ காயில் அறுந்திருக்கலாம், அல்லது சால்டர் விட்டிருக்கலாம். காயிலைத் திரும்பக் கட்டலாம், புதுப் பிக்கப் போடலாம். இரண்டும் செலவுக் கணக்கு. குமிழைத் திருகும்போது கரகரப்பு வந்தால் பெரும்பாலும் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும்.

பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் என்றால் பேட்டரிப் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். 9 வோல்ட் பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டு அது கசிந்திருந்தால் பச்சை பூத்திருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பேஸ்களில் பிரிட்ஜின் குட்டி ஸ்க்ரூக்களைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டால் கம்பியின் உயரத்தை மாற்றவே முடியாது. புது பிரிட்ஜ் வாங்கினால் தீர்ந்துவிடும் என்றாலும், அதே உப்புக் காற்று ட்ரஸ் ராட் நட்டையும் தொட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எடையைக் கேளுங்கள். பலரும் கேட்பதில்லை. 3.5 முதல் 4.5 கிலோ வரை இயல்பு. 70களின் சில ஃபெண்டர்கள் 5 கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேரக் கச்சேரி முழுக்கத் தோளில் தொங்கப்போவது அது.

பெயர்ப்பலகையும் பிறப்புச் சான்றும்

ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயரை வைத்து விலை கொடுக்கக்கூடாது. அந்தப் பெயர் மெல்லிய ஒட்டுப்படம்தான். அதே மாதிரி ஒட்டுப்படங்கள் தனியாகவே விற்கின்றன. சீரியல் எண் அடுத்த படி. 1976 வரை ஃபெண்டர் அதைப் பெரும்பாலும் நெக்கை உடலோடு பிணைக்கும் உலோகத் தகட்டில் பொறித்தது. பிறகு ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றியது. எம்என் என்று தொடங்கினால் மெக்சிகோவில் 90களில் செய்தது, எம்இசட் என்றால் 2000களில். எம்எக்ஸ் 2010-க்குப் பிறகு. ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையர் பேஸில் ஐசிஎஸ் என்று இருந்தால் இந்தோனேசியத் தயாரிப்பு. எண் சொல்லும் நாடும் ஹெட்ஸ்டாக் சொல்லும் நாடும் வேறு வேறு என்றால் அதற்குக் காரணம் வேண்டும். மெக்சிகோ நெக்கை அமெரிக்க உடலில் பூட்டுவது நான்கு ஸ்க்ரூ வேலை.

பழைய அசல் என்று சொல்லி விற்றால் இன்னும் உள்ளே போக வேண்டும். நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் தேதி முத்திரையோ பென்சில் எழுத்தோ பெரும்பாலும் இருக்கும். வால்யூம் குமிழின் கீழே உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஆறேழு எண்கள் அடித்திருக்கும். 1376613 என்று இருக்கிறது என்று வையுங்கள். முதல் மூன்று எண், 137, தயாரித்த கம்பெனியைக் குறிக்கும்: சிடிஎஸ். அடுத்த 66 ஆண்டு. கடைசி 13 வாரம். ஆக அந்த உதிரி 1966-ன் பதின்மூன்றாம் வாரத்தில் பிறந்தது. அந்த பேஸை '1964 மாடல்' என்று விற்கிறார்கள் என்றால், ஒன்று பொட்டென்ஷியோமீட்டரை மாற்றியிருக்கிறார்கள், இல்லை ஆண்டு பொய். மறுபக்கமாக இந்த எண்ணை நம்பவும் கூடாது. கம்பெனிகள் உதிரிகளை மொத்தமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தின. அந்த பேஸ் இந்தத் தேதிக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

1964-ஐ உதாரணமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முந்தைய வாத்தியங்களுக்குச் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். அந்த உலகத்தில் கிரைண்டர் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பெயின்ட்டுக்கும் விலை உண்டு. மறுபடி பெயின்ட் அடித்த 60களின் பேஸ், அதே ஆண்டின் அசல் பெயின்ட் பேஸில் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும், நெக் எவ்வளவு அருமையாக இருந்தாலும். அங்கே வாங்குவது வரலாற்றை. பிரேசில் ரோஸ்வுட் விரல்பலகை கொண்ட பேஸாக இருந்தால் நாட்டு எல்லையைத் தாண்டவே அரிய மர வணிகத்துக்கான அனுமதிச்சீட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளட்டும். வாசிப்பதற்காக வாங்குகிறவர் இந்தச் சந்தைக்குள் போகாமல் இருப்பதே என் ஆலோசனை.

பெயரைத் தாண்டிப் பார்த்தவர்கள் ஜெயித்த கதையும் இருக்கிறது. 1982-ல் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் ஆலையில் ஃபெண்டருக்காக பேஸ்கள் செய்யத் தொடங்கினார்கள். சீரியல் எண் ஜேவி என்று தொடங்கும். அவற்றில் ஏற்றுமதிக்குப் போனவை ஸ்குவையர் என்ற பெயரைத் தாங்கின, மலிவுச் சரக்கு என்ற எண்ணத்தோடு. நெக்கைக் கையில் பிடித்தவர்கள் மட்டும் வேலைப்பாட்டை உணர்ந்தார்கள். இன்றைக்கு அந்த ஜேவி பேஸ்களைத் தேடி அலைகிறார்கள்.

விலைக்கு வருவோம்

விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. மதிப்பு என்பது இதே மாடல், இதே நிலையில், உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது. ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ரிவெர்ப் தளத்தில் நடந்த விற்பனைகளை வைத்து மாடல்வாரியாக விலை வரம்பு போட்டிருப்பார்கள். ஆனால் அந்த டாலரை அப்படியே ரூபாயாக்கி இங்கே பேசக்கூடாது. இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து இங்கே புதிய பேஸின் விலையே உயர்ந்திருப்பதால், பழையதும் அதன் பின்னாலேயே ஏறி நிற்கிறது. வெளிநாட்டு எண்களிலிருந்து விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: புதியதன் விலையில் எத்தனை பங்குக்குப் பழையது போகிறது என்பதை.

உள்ளூர்த் தளங்களில் விற்ற விலை வெளியே தெரியாது. அங்கே காலம்தான் காட்டிக்கொடுக்கும். மூன்று மாதமாக அப்படியே கிடக்கும் விளம்பரத்தின் விலையை ஊர் ஏற்கவில்லை. இரண்டு நாளில் மறைந்த விளம்பரத்தின் விலை சரியாக இருந்திருக்கிறது, அல்லது குறைவாக. ஒரு மாதம் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கே ஒரு பட்டியல் உருவாகிவிடும். அவசரப்படாதவருக்குத்தான் இந்தச் சந்தை.

இப்போது கழித்தல். ஒரு பேச்சுக்கு, நல்ல நிலையில் உள்ள அந்த மாடல் 50,000 ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று வைப்போம். நம் ஆள் 45,000 கேட்கிறார். மலிவாகத் தெரிகிறது. கம்பி மாற்ற 2,500. ஃப்ரெட் தேய்த்து செட்டப் செய்ய 5,000. குமிழ் ஒன்று மாற்ற 500. கூரியரும் பேக்கிங்கும் 2,000. ஆகக் கூடுதல் 10,000. நம் கைக்கு வந்து வாசிக்கும் நிலைக்கு வரும்போது அது 55,000 ரூபாய்ச் சரக்காகிவிட்டது. அதன் நியாயமான விலை 40,000. இந்தக் கணக்கை, படங்களோடு, மரியாதையாக அவருக்கே அனுப்புங்கள். பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு உண்மையான தொகைகளைப் போடுங்கள். "குறைச்சுக் கொடுங்க ப்ரோ" என்பதற்கு இறங்காதவர்கள் கணக்குக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

விற்பவர் கூட்டல் கணக்கு ஒன்று வைத்திருப்பார்: புது பிக்கப் போட்டேன், பிரிட்ஜ் மாற்றினேன், அதையும் சேர்த்துக் கொடுங்கள் என்பார். போட்ட காசு முழுசாகத் திரும்பாது என்பதே சந்தை வழக்கம். அவர் ரசனைக்குப் போட்டது அது. கழற்றிய அசல் உதிரிகள் பத்திரமாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். உடலில் புதிதாகக் குடைந்திருந்தால், ஓட்டை போட்டிருந்தால் அது கழித்தல் பக்கம்தான். கிப்ஸன் தண்டர்பேர்ட் மாதிரி நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் ஒரே மரத்தில் பின்னால் சாய்ந்திருக்கும் பேஸ்களில், ஹெட்ஸ்டாக் ஒருமுறை உடைந்து ஒட்டியிருக்கிறதா என்று நட்டின் பின்பக்கம் கூர்ந்து பாருங்கள். நன்றாக ஒட்டியது காலத்துக்கும் நிற்கும். ஆனாலும் விலை பாதிக்குப் பக்கம் இறங்கிவிடும். வாசிக்க மட்டுமே வாங்குகிறவருக்கு அது நல்ல வாய்ப்பும்கூட.

பணமும் பெட்டியும்

படங்கள் வேறு எங்கிருந்தோ எடுத்தவையா என்று கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பேஸின் மேல் இன்றைய தேதியைத் துண்டுத்தாளில் எழுதி வைத்து ஒரு படம் கேளுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்பினால் பார்சல் போட்டுவிடுவேன் என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் கதை நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மோசடி. யுபிஐ-யில் போன பணம் திரும்பி வருவது கடினம். ஒரே ஊர் என்றால் நேரில் போய், வாசித்துப் பார்த்து, அங்கேயே பணம் கொடுங்கள். வெளியூர் என்றால் அந்த ஊரில் கிட்டார் பிடிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை அனுப்புவது எந்தப் படத்தையும் விட மேல். வெளிநாட்டுத் தளம் என்றால் தளத்துக்கு உள்ளேயே பணம் கட்டுங்கள். வெளியே அனுப்பினால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அனுப்புகிறவரிடம் கம்பிகளைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். முழுக்க அவிழ்க்க வேண்டாம். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழும் நெக்கின் அடியிலும் அசையாதபடி துணியோ ஃபோமோ திணிக்கச் சொல்லுங்கள். பார்சல் விழும்போது முதலில் அடிவாங்குவது அந்த இடம்தான்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். லாரியின் வெயிலிலிருந்து வந்த மரம் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும். சில மணி நேரம் உறையிலேயே இருக்கட்டும். பிறகு ட்யூன் செய்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். பாரம் ஏறிய நெக் தன் இடத்தில் உட்கார அந்த அவகாசம் வேண்டும். மறுநாள் எட்டாவது ஃப்ரெட்டின் இடைவெளியைப் பாருங்கள், ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள், படத்தில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டியிருந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு பல இடங்களில் சில நாட்கள்தான். இவ்வளவையும் அதற்குள் முடித்துவிடுங்கள்.